அன்று அங்கே நடக்காதது

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து மேலாளரிடம் ஒரு கோரிக்கை வைத்தீர்களாம். தண்ணீர் மாதிரி எடுக்கும் படிவத்தை இனிமேல் கைபேசியிலேயே நிரப்பப் போகிறீர்கள். அதில் கடைசிக் கட்டம் எதற்கு, எடுத்துவிடலாமே என்று கேட்டீர்களாம். அவர் நல்ல மனிதர். எடுத்துவிடாமல் எனக்கு போன் செய்து சொன்னார், ஏனென்றால் அந்தக் கட்டத்தைச் சேர்த்தவள் நான்தான்.

‘மாதிரி எடுத்த அன்று அங்கே நடக்காதது’ என்பது அதன் தலைப்பு. சிரிப்பு வரத்தான் செய்யும். கடந்த சில மாதப் படிவங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும், எல்லோருடைய கையெழுத்திலும், ‘ஒன்றுமில்லை’ என்றே இருக்கிறது. ஒன்றில் மட்டும் ‘மழை’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை, அவருக்கு என் வீட்டில் ஒரு காபி உண்டு.

எடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் இஷ்டம். ஓய்வு பெற்றவள் வந்து ஆய்வகத்தில் நாட்டாமை செய்யக் கூடாது. ஆனால் எடுப்பதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். அது நான் போட்ட ஒரு கையெழுத்தால் வந்தது.

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பால் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆய்வகத்திலும் முப்பது வருஷம் சந்தேகப் பிராணிகளைத்தான் வளர்த்தேன். நீர்த்தெள்ளு இருக்கிறதே, கடுகில் பாதிகூட இருக்காது, தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும், அதைத்தான் சொல்கிறேன். தண்ணீரில் ஏதாவது சரியில்லை என்றால் மீனுக்கு முன்னால் அதுதான் சாகும். நமக்குப் பதிலாக அது சந்தேகப்பட்டுவிடும். இப்படி இருந்தவளே ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது ஓய்வு பெற எனக்கு நாலு வருஷம் பாக்கி. அம்மையார்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவு ஊர், பெயர் வேண்டாம். அங்கே முனிரத்தினம் என்று ஒருவர் சின்னதாகச் சாயப்பட்டறை வைத்திருந்தார். அப்பா காலத்துப் பட்டறை. தெருவில் இருந்த தறிக்காரர்கள் எல்லோரும் நூலுக்குச் சாயம் போட அவரிடம்தான் போவார்கள். பட்டறைத் தண்ணீர் ஒரு குட்டையில் போய்ச் சேரும். குட்டைக்குப் பக்கத்திலேயே தெருக் கிணறு. கிணற்றுத் தண்ணீர் ரோஸ் நிறமாக மாற ஆரம்பித்ததும் யாரோ மனுப் போட, அதிகாரிகள் வந்து பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். குட்டையைச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரால் உயிர்களுக்குக் கெடுதல் இல்லை என்று ஆய்வகச் சான்றிதழ் கொண்டுவந்தால் திறக்கலாம் என்றார்கள். முனிரத்தினத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் எல்லாமும்.

சுத்தம் செய்ய வந்தது சென்னையிலிருந்து ஒரு நிறுவனம். கறுப்புப் பொடியைக் காற்றுப் புகாத டின்களில் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்த இரும்பு, மேலே கொஞ்சம் செம்புப் பூச்சு. சாயத் தண்ணீரில் கலந்தால் நிறத்தை உடைத்துவிடும். வேலை முடிந்ததும் பொடி தானே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கறுப்புக் கசடாக அடியில் உட்கார்ந்துவிடும். வாரி அப்புறப்படுத்திவிடலாம். அடியில் படிவதுதான் அந்தப் பொடிக்குப் பாதுகாப்பு. படியாமல் மிதந்தால் அது எங்கே போகும், யார் வயிற்றுக்குள் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. செம்பு நீர்த்தெள்ளுக்கு ஆகவே ஆகாது.

ஊரில் அந்தப் பொடிக்கு மருந்து என்று பெயர் விழுந்துவிட்டது. “குட்டைக்கு மருந்து போடறாங்க” என்றார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நம் பக்கத்தில் காய்ச்சலுக்குத் தின்பதும் மருந்து, கத்தரிக்கு அடிப்பதும் மருந்து. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று யாராவது சொன்னால் எந்த மருந்து என்று நாம் கேட்பதில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, மரியாதையான பேச்சு. எந்தத் தண்ணீரில் சோதனை செய்வீர்கள் என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி ஆய்வகத்தில் தயாரிக்கும் சுத்தத் தண்ணீரிலும், பிறகு குட்டைத் தண்ணீரிலும் என்றேன். டீ குடித்துவிட்டுப் போகும்போது அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். மறதிக்காரர் போல என்று நினைத்தேன். ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குட்டைத் தண்ணீர் எடுக்க நாள் குறிக்க வேண்டும். ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைப்பாதை வரைக்கும் காவடி, மொட்டை, பூக்கூடை, ஒலிபெருக்கி. தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. திருத்தணிக்காரர்களில் பாதிப் பேர் அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பார்கள், மீதிப் பேர் ஊரை விட்டே ஓடுவார்கள். நான் ஓடுகிற ரகம். முனிரத்தினத்துக்கு போன் செய்தேன். அவரே, கிருத்திகை அன்றைக்கே வாருங்கள் மேடம், ஊர் ஓய்வாக இருக்கும் என்றார். எனக்கும் வசதிதான்.

கிருத்திகை அன்று காலை கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஆய்வக ஜீப் சுகமாகப் போனது. ஆர்.கே.பேட்டை தாண்டியதும் ரோட்டில் ஆளே இல்லை. முனிரத்தினத்தின் தெருவில் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போய்விட்டார்கள். அவர் மனைவி சுலோச்சனாவும் பிள்ளைகளும்கூடப் போய்விட்டார்கள். முனிரத்தினம் மட்டும் எனக்காக இருந்தார். வருஷம் தவறாமல் காவடி எடுக்கிற மனிதர் சில கேன் தண்ணீருக்காக அந்த வருஷம் எடுக்கவில்லை. பாவம், நம்மால் இவருக்குச் சிரமம் என்று வருத்தப்பட்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

எவ்வளவு அமைதி என்று நினைத்தது நினைவிருக்கிறது. தறிச் சத்தம் இல்லாத நெசவுத் தெருவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குட்டை சிவப்பாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பு. ஆறு கேன்களில் நிரப்பிக்கொண்டேன். படிவத்தில் நேரம், வெயில், காற்று, ஆழம் எல்லாம் எழுதினேன். அப்போது அதில் கடைசிக் கட்டம் இல்லை.

சோதனைகளைப் பற்றி நீட்டப் போவதில்லை, தினமும் செய்கிறீர்கள். எதுவும் சாகவில்லை என்பதுதான் விஷயம். சுத்தத் தண்ணீரில் மருந்தைக் கலந்தோம், நீர்த்தெள்ளு துள்ளியது. குட்டைத் தண்ணீரில் கலந்தோம், நிறம் போய் ஒரு மணி நேரத்தில் கறுப்புக் கசடு அடியில் படிந்தது, மேலே நீர்த்தெள்ளு துள்ளியது. மீன்குஞ்சு நீந்தியது, விதை முளைத்தது. மூன்று தடவை செய்தோம், மூன்றிலும் அப்படியே.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. இத்தனை நல்ல முடிவு எனக்கு எப்போதும் வந்ததில்லை. ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட வயதில் சின்னவர், சிடுசிடுப்பானவர், ஆனால் அன்று அவர் சொன்னதை இன்னமும் மறக்கவில்லை.

“ஒண்ணு செத்தா ஏன் செத்துதுன்னு பத்து நாள் தேடறோம். உசுரோட இருந்தா ஏன் இருக்குதுன்னு ஒருத்தரும் தேடறதில்ல. தேடணும்னா தேடுங்க மேடம், நான் வேணாங்கல.”

தேடியிருக்க வேண்டும். ஆனால் முனிரத்தினம் வாரத்துக்கு இரண்டு தரம் போன் செய்துகொண்டிருந்தார். ஒரு முறை சுலோச்சனாவே பேசினாள். தெருப் பெண்கள் எல்லோரும் அடுத்த தெருக் குழாயில் வரிசை நிற்கிறோம், அங்கே எங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், உங்கள் கிணற்றைக் கெடுத்தது உங்கள் ஆள்தானே என்று இவரைப் பேசுகிறார்கள் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் உஷாராகியிருப்பேன். அழுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அவள் நிதானமாகச் சொன்னதால்தான் மனசு இளகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை குட்டைக்கு மருந்து போட்டார்கள். பார்க்க நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை. தெருவுக்குள் நுழைந்ததிலிருந்தே கத்திப் பேச வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் தறி ஓடுகிற சத்தம். நடுத்தெருவில் தறியில் ஏற்றும் பாவு நூலை நீள நீளமாக இழுத்துக் கட்டி, அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். இழைக்கு வலு வரவேண்டும் என்று அரிசிக் கஞ்சியைத் தடவி, பெரிய தூரிகையால் நீவிவிடுவார்களே, அதுதான். ஜீப்பை ஓரங்கட்டி நடந்தே போனேன்.

மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் பீய்ச்சினார்கள். மத்தியானத்துக்குள் சிவப்பு போய்விட்டது. தெருவே குட்டைக் கரையில் நின்றது. முனிரத்தினம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டை இப்போது லேசான பழுப்பில், பால் விடாத டீ போல இருந்தது. நம் பக்கத்து ஏரித் தண்ணீர் மழை முடிந்ததும் அந்த நிறத்தில்தான் இருக்கும். அதனால் பார்த்தவர்களுக்கெல்லாம் அது நல்ல தண்ணீராகவே தெரிந்தது. வர்ற வெள்ளிக்கிழமை கிணற்றில் பொங்கல் வைத்துத் தண்ணீர் எடுப்பது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். கிணற்றைத் தூர் வாரி, மோட்டார் வைத்துப் பழைய தண்ணீரை இறைக்கும் வேலையும் அன்று மாலையே ஆரம்பமாகிவிட்டது.

நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் குட்டைத் தண்ணீரை மொண்டு நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அடியில் ஒன்றும் படியவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பழுப்பு அப்படியே இருந்தது. நிறுவனத்து ஆளிடம் காட்டினேன். மண் கலங்கியிருக்கும் மேடம் என்றார். மண்ணாக இருந்தால் அதுவாவது படிய வேண்டாமா என்று கேட்டேன். அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே திருத்தணி திரும்பினேன். ஜீப் கிளம்பித் தெருவைத் தாண்டும்போது ஒரு பெண் கஞ்சி காய்ச்சிய குண்டானைக் கால்வாயில் கழுவிக் கொட்டினாள். வெள்ளையாக ஓடிற்று. அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டேன். குட்டைக்குத்தான் என்றார். அப்போதுதான் என் காதில் தறிச் சத்தம் நின்றுபோனது போல இருந்தது. கிருத்திகை அன்று இந்தத் தெருவில் சத்தம் இல்லை. தறி ஓடவில்லை. பாவு இழுக்கவில்லை. அப்படியானால் கஞ்சியும் இல்லை.

மறுநாள் காலை பாட்டிலைப் பார்த்தேன், படியவில்லை. ஆய்வகத்தில் மீதமிருந்த கிருத்திகைத் தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் ஊற்றினேன். ஒன்றில் மருந்து மட்டும் போட்டேன். இன்னொன்றில் என் வீட்டுச் சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டி விட்டு, பிறகு மருந்து போட்டேன். முதல் பாத்திரத்தில் வழக்கம்போல் கறுப்பாக அடியில் உட்கார்ந்தது. இரண்டாவது பாத்திரம் டீ நிறத்திலேயே நின்றது. இரண்டிலும் நீர்த்தெள்ளு விட்டேன். புதன்கிழமை காலையில் முதலாவதில் துள்ளிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை.

அன்று எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. இத்தனை வாரமாக நான் சோதித்தது மருந்தையே அல்ல. மருந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, நீர்த்தெள்ளு மேலே நீந்தியது, இரண்டும் சந்திக்கவே இல்லை. வெறும் தண்ணீரைச் சோதித்து, வெறும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தலைவரிடம் போய் நின்றேன். கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். நிறுவனம் சும்மா விடாது, அடுத்த வேலை நமக்கு வராது, ஆய்வகத்தின் பெயர் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே நிஜம். கடைசியில்,

“போட்டது நீங்க. எடுக்கறதும் நீங்கதான் எடுக்கணும். நான் தடுக்க மாட்டேன். தாங்கவும் மாட்டேன்,” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கடிதத்தை எழுதி அதிகாரிகளுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்து, அதிகாரி படித்து, ஆள் அனுப்புவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே கிளம்பினேன். ஜீப் கேட்கவில்லை.

தெருவில் கிணற்றைச் சுற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். புதுக்கயிறு, புது வாளி. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து இரண்டு காவிப் பட்டை போட்டிருந்தார்கள். பாட்டிலை எடுத்துக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் மொண்டேன். பழைய தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்ததும் குட்டையிலிருந்து மணல் வழியாகக் கிணற்றுக்கு ஊறியிருக்கிறது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ரொம்ப லேசாக, தேடினால் மட்டும் தெரிகிற அளவுக்கு, அதே டீ நிறம்.

முனிரத்தினம் சீல் வைத்த பட்டறை வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பொங்கலுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துட்டீங்களே என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து படியவில்லை, கிணற்றுக்குள் வந்துவிட்டது, காரணம் கஞ்சி, என் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன், பட்டறை இப்போது திறக்காது. அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“கஞ்சி இன்னாம்மா பண்ணும்? சோறு வடிச்ச தண்ணிதானே. அதுலயா விஷம்?”

கஞ்சியில் விஷம் இல்லை, அது அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளையும் சுற்றிப் பூசிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்கிறது, ஒட்டினால்தான் கனத்து அடியில் போகும் என்று விளக்க ஆரம்பித்தேன். படம் வரைந்து காட்டலாமென்று பையில் காகிதம் தேடினேன். அதற்குள் அவர்,

“அதுக்குத்தானேம்மா நாங்களே கஞ்சி போடறோம். இழையோட இழை ஒட்டிச் சிக்காம இருக்கத்தானே,” என்றார்.

முப்பது வருஷம் படித்த எனக்கு மூன்று நாள் ஆனது அவருக்கு ஒரு மூச்சில் புரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் முகம் வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயக்காரர் கை, எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் நீலம் போகாது.

“நான்தாம்மா சொல்லி வெச்சேன்,” என்றார். “நீங்க தண்ணி எடுக்க வர்றீங்கன்னு, தெருவுல வூடு வூடா போயி, பத்து நாளைக்கி யாரும் கால்வாயில கஞ்சி குண்டான கழுவாதீங்கன்னு கேட்டுகினேன். எனக்கோசரம் எல்லாரும் கேட்டாங்க. கிருத்திகைக்கி தறியும் நின்னுடும், தண்ணி நல்லா தெளிஞ்சி இருக்கும்னுதான் அன்னிக்கி வரச் சொன்னேன். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வூட்ட கூட்டி வெக்க மாட்டமா, அது மாதிரிதாம்மா. ஏமாத்தணும்னு இல்ல.”

காவடியை விட்டுவிட்டு ஒருவர் ஏன் வீட்டில் இருந்தார் என்று நான் கேட்காத கேள்விக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. அழுக்கைத் துடைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். நானும் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டேன். யார் வீட்டுக்கு எந்த நாள் போக வேண்டும் என்பதை அந்த வீட்டுக்காரரையே குறிக்கவிட்டவள் நான்தான்.

சுலோச்சனா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“அப்ப பட்டற திறக்காது,” என்றாள் அவரிடம்.

“ஆங்,” என்றார்.

பிறகு எழுந்து கிணற்றுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தெருவில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கப்பியிலிருந்து புதுக்கயிற்றை உருவினார். வாளியைக் கழற்றினார். கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் இறக்கக் கூடாது, மருந்து கிணத்துக்குள்ள வந்துடுச்சி என்று சொன்னார். ஒரு பெரியவர், உனக்குப் பட்டறை போகுதே, நீயே சொல்றியா என்று கேட்டார். முனிரத்தினம் என்னிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்.

“இனிமே எங்கனா தண்ணி எடுக்கப் போனீங்கன்னா, இன்னிக்கி ஏன் சத்தமே இல்லன்னு கேளும்மா. என்ன மாதிரி ஆளு எல்லா ஊருலயும் இருப்பான்.”

கடைசிக் கட்டம் அங்கே பிறந்ததுதான். வார்த்தை மட்டும் படிவத்துக்காக நான் மாற்றியது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிணற்றை மூடினார்கள். தெருவுக்குக் குழாய் வந்தது, தாமதமாக. கஞ்சித் தண்ணீரைத் தனியாகப் பிரித்து மாட்டுக்கு ஊற்றிவிட்டு மீதித் தண்ணீருக்கு மட்டும் மருந்து போட்டால் கசடு ஒழுங்காகப் படிகிறது என்று நாங்களே பிறகு சோதித்துக் காட்டினோம். யாரும் அதைக் கேட்டு வரவில்லை. நிறுவனம் எங்களை விட்டுவிட்டு வேறொரு ஆய்வகத்துக்குப் போனது. அவர்கள் எந்தத் தண்ணீரில் செய்தார்கள், என்றைக்கு எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்பு டின்கள் இப்போது எந்த ஊர்க் குட்டைக்கரையில் இருக்கின்றனவோ என்று இப்போதும் யோசிப்பேன். அந்த ஆள் ஏன் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டார் என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது. மறதியாகவே இருக்கலாம். நான் நம்பவில்லை.

முனிரத்தினத்தின் பட்டறை திறக்கவே இல்லை. சீல் துருப்பிடித்து, அதைப் பிடுங்கக்கூட யாரும் வரவில்லை. அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலைக்குப் போகிறார். சாயம் போடுகிறவருக்குத் தறியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், எனக்கும் கேட்க மனசு வரவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் காவடியோடு வருகிறார். மலையேறி இறங்கி, கூட்டத்தை நீந்தி, என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். அவர் வருவார் என்பதற்காகவே இப்போதெல்லாம் நான் அன்று ஊரை விட்டு ஓடுவதில்லை. உள்ளே வந்து விசிறிக்குக் கீழே உட்காருவார். இந்த வருஷமும் வந்தார். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். சுலோச்சனாவைப் பற்றிப் பேசினோம், பேரனைப் பற்றிப் பேசினோம். பேசிக்கொண்டே குனிந்து தம்ளரின் அடியைப் பார்த்தார். அப்புறம்தான் எடுத்துக் குடித்தார்.

எல்லாத் தண்ணீரையும் அவர் அப்படித்தான் குடிக்கிறார் என்று சுலோச்சனா ஒரு முறை சொல்லியிருக்கிறாள். நான் கொடுத்த தண்ணீரையும் அப்படித்தான் குடிக்கிறார். எனக்கு வருத்தமாக இல்லை என்றால் பொய். ஆனாலும் அவர் தம்ளரைக் கையில் எடுக்கிற வரைக்கும் நானும் அதன் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டத்தை எடுப்பதானால் எடுங்கள். எடுக்கும் முன் ஒரு தடவை, யாராவது ஒருவர், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய இடத்துக்கு வேறொரு நாளில் திரும்பிப் போய்ப் பாருங்கள்.